மஞ்சுளா காலியாக விட்டிருந்த கட்டம்

பாகூர் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் கோகிலா டிஜிட்டல் ஸ்டுடியோவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரில் ஓட்டை போட்டு, என் ரௌட்டரிலிருந்து ஒரு நீலக் கேபிளை அந்தப் பக்கம் விட்டிருக்கிறேன். இன்டர்நெட் லைன் என் பெயரில், செலவு ஆளுக்குப் பாதி. அதனால் அங்கே ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் எனக்குத் தெரிந்துவிடும். மஞ்சுளாவுக்கு நடந்ததும் என் கண் முன்னால்தான் நடந்தது. அதில் என் கையும் கொஞ்சம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

மஞ்சுளாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கிருமாம்பாக்கத்திலிருந்து மொபெட்டில் வருவாள். பதினெட்டு வருடமாக அந்த ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது அவள்தான். படித்தது பத்தாவது. கணவர் அரிகரன் அரிசி மண்டியில் மூட்டை இறக்கும்போது இடுப்பு முறிந்து வீட்டோடு இருக்கிறார். மகள் ப்ரீத்தி நர்சிங் இரண்டாம் வருடம். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது ஸ்டுடியோவின் உள் அறையில் போட்டிருந்த ஒரு சுழல் நாற்காலியை நம்பித்தான். அந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஸ்டுடியோ ஓனர் கமலக்கண்ணனுக்கும் நன்றாகவே தெரியும்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணம் எடிட்டுக்கு வந்தால் முதலில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெண்ணின் அம்மாவுக்குப் போன் போடுவாள். தாய்மாமன் யார், பெரியப்பா எத்தனை பேர், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, யாரைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டக்கூடாது, எந்தக் கிழவியைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொள்வாள். வம்பு கேட்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாளே தவிர விடமாட்டாள். ஒருமுறை அபிஷேகப்பாக்கத்துக் கல்யாணம் ஒன்றில், வீடியோ வேலை முடிவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். எல்லாக் கேமரா கார்டுகளையும் சல்லடை போட்டுச் சலித்து, அந்த மனிதர் ஓரமாகச் சிரித்த இடம், பந்தியில் தண்ணீர் ஊற்றிய இடம் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தாள். அந்த வீட்டார் இன்றைக்கும் அவளைக் கண்டால் கும்பிடுவார்கள். அதை அவள் ரொம்பவும் நம்பினாள். இந்த முகங்களைத் தெரிந்தவள் தான் ஒருத்திதான், அதனால் தன்னை அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் ஒரு கல்யாணமே அழிந்துவிட்டது. கமலக்கண்ணன் பயந்துபோய், நாலு டிஸ்க் போடும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியை வாங்கி வைத்தார். கேபிளில் மாட்டிவிட்டால் ஸ்டுடியோவில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளிருந்து எடுக்கலாம், அதற்குள் வைக்கலாம். கொண்டுவந்தவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைப் பொருத்தி ஓடவைத்தது மஞ்சுளா. யூடியூபில் ஒரு வடநாட்டுப் பையன் இந்தியில் சொல்வதை, மொழி தெரியாமல், திரையில் அவன் கை போகிற இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்று ஒரு பக்கம் வரும். அதில் வரிசையாக நாலு கட்டம். முதல் கட்டத்தில் பெட்டியின் ஐ.பி. முகவரி. அது வீட்டுக் கதவு எண் மாதிரி என்று தானே புரிந்துகொண்டாள். இரண்டாவது சப்நெட் மாஸ்க். அது எந்தத் தெருமுனை வரைக்கும் கூப்பிட்டால் கேட்கும் என்பது. மூன்றாவது கேட்வே. பெட்டி ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது. "நம்ம ஊருக்கு கன்னியக்கோயில் கூட்ரோடு மாதிரிண்ணே" என்றாள் என்னிடம். நாலாவது டி.என்.எஸ். அதை அவளும் புரிந்துகொள்ளவில்லை, நானும் புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடச் சொன்னது நான்தான். வேறு ஊரில் ஒரு ஸ்டுடியோவில் வைரஸ் வந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வெளியே போக வழி இல்லாவிட்டால் வெளியிலிருந்தும் ஒன்றும் உள்ளே வராது என்று பெரிய ஞானி மாதிரி சொன்னேன். விட்டுவிட்டாள். நாலு வருடம் அந்தப் பெட்டி உள்ளறையை விட்டு வெளியே எட்டிப் பார்க்காமல் ஒழுங்காக ஓடியது.

போன தை மாதம் பொங்கலுக்கு கமலக்கண்ணனின் மகன் விஷ்ணு பெங்களூரிலிருந்து வந்தான். மரியாதையான பையன், வாய்க்கு வாய் அக்கா என்பான். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். பெட்டியை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வைத்தால் அப்பாவுக்கு நல்லது, எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கும், அக்காவுக்கும் வேலைப் பளு குறையும் என்றான். அவனுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூடத் தெரியவில்லை. நீங்கள்தான் செட் பண்ணியது, நீங்களே மாற்றிவிடுங்கள் அக்கா என்றான். மஞ்சுளாவுக்கு முகமெல்லாம் பெருமை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன் தன்னிடம் கேட்கிறானே என்று.

அன்று காலை என் கடையில் ஆதார் திருத்தத்துக்கு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்வே நம்பர் கேட்டாள். நான் ரௌட்டரைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, ஒன் நைன்ட்டி டூ, ஒன் சிக்ஸ்ட்டி எய்ட், ஒன், ஒன் என்று உரக்க வாசித்தேன். அவள் அவசரத்தில் அதை மூன்றாவது கட்டத்தில் போடாமல் முதல் கட்டத்தில் போட்டு அழுத்திவிட்டாள். ரௌட்டருக்கும் பெட்டிக்கும் ஒரே கதவு எண். இரண்டு கடையிலும் நெட் செத்துப்போனது. ஆதார் கூட்டம் என்னைத் திட்டியது, நான் மஞ்சுளாவைத் திட்டினேன். அவள் பதறாமல் நீலக் கேபிளைப் பிடுங்கி, என் லேப்டாப்பை நேராகப் பெட்டியில் செருகி, பழைய எண்ணை முதல் கட்டத்திலும் நான் சொன்ன எண்ணை மூன்றாவது கட்டத்திலும் போட்டுச் சரிசெய்தாள். அரை மணி நேரத்தில் விஷ்ணு தன் போனிலேயே பெட்டியைத் திறந்து காட்டினான். அக்கா சூப்பர் என்றான். எல்லாரும் டீ குடித்தோம். அன்றைக்கு நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மாசி முகூர்த்தங்களில் தெரிந்தது. அவள் கார்டுகளைப் பெட்டியில் இறக்கி வைப்பாள். மறுநாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பெட்டியின் பச்சை விளக்கு இவள் எதையும் தொடாமலே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். வெளியூரில் ஏதோ ஒரு எடிட்டிங் கம்பெனி. கல்யாணத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி விஷ்ணு முடித்துவிட்டானாம். அவர்கள் ராவோடு ராவாக எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் முடித்த படத்தைப் பெட்டியிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரீல்ஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு வீடியோ. ட்ரோன் காட்சியெல்லாம் பளபளவென்று இருக்கும். கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவர் யார், அழுகிறவர் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கமலக்கண்ணன் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் அப்படியில்லை. பங்குனியில் அவளைக் கூப்பிட்டு, கார்டு இறக்கும் வேலை மட்டும்தான் இருக்கிறது, காலையில் வந்துவிட்டு மதியம் போனால் போதும் என்றார். சித்திரையில், ஆடி வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு கடைப் பையனே கார்டு இறக்கிக்கொள்வான் என்றார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் சரி சார் என்றுவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒன்றைச் சொல்லித் தேற்றவேண்டும் என்று, இவர்கள் போடுகிற வீடியோவுக்கு ஒருநாள் ஜனங்களே செருப்பால் அடிப்பார்கள் பார் என்றேன். அதை அவள் பிடித்துக்கொண்டாள். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

வைகாசியில் நெட்டப்பாக்கம் வீரப்பன் வீட்டுக் கல்யாணம். கரும்பு வைத்திருக்கும் பெரிய குடும்பம். பெண் பெயர் தீபிகா. வீரப்பனுக்கும் அவர் மச்சினன் மணவாளனுக்கும் போர்வெல் தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டாமல் கல்யாணம் நிறைவாகாது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் மணவாளன் மண்டபத்துக்குள் வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், பட்டத்தை வாங்கித் தன் கையால் தீபிகாவுக்குக் கட்டிவிட்டு, அப்படியே நின்று அழுதிருக்கிறார். வீரப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். கேமராக்காரன் பிரிட்டோ வந்து சொன்னபோது அவன் குரலே தழுதழுத்தது. மஞ்சுளா கார்டு இறக்கும்போது அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கேமரா கொஞ்சம் ஆடியது, மணவாளனின் முதுகுதான் தெரிந்தது. ஆனாலும் நானே இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

ஆனி முதல் வாரம் முடித்த படம் பெட்டிக்கு வந்தது. அவள் முழுவதையும் ஓட்டிப் பார்த்தாள். பட்டம் கட்டிய இடம் இல்லை. முதுகு காட்டி அழுகிற ஒரு ஆளை அந்தக் கம்பெனிக்காரன் ஏன் வைக்கப்போகிறான்? அந்த இடத்தில் மண்டபத்தின் மேல் ட்ரோன் சுற்றுகிறது, பின்னணியில் பாட்டு.

அவளுக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நேராகக் கமலக்கண்ணனிடம் போய், கல்யாணத்தின் உயிரையே வெட்டிவிட்டார்கள், வீரப்பன் வந்து கடையை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்றாள். கமலக்கண்ணன் கொஞ்சம் அரண்டுதான் போனார். அப்போது அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"அவங்க ஒரு வார்த்த கொற சொல்லட்டும் மஞ்சுளா. அப்பறம் நானே விஷ்ணு கிட்ட பேசறேன். பழையபடி நீயே எல்லாத்தையும் பண்ணு."

பென் டிரைவ் நெட்டப்பாக்கம் போனது. ஒரு வாரம் ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. ஆனி முகூர்த்தங்கள் தொடங்கின. நாலு கல்யாணத்துக் கார்டுகள் வந்து பெட்டியில் இறங்கின. பச்சை விளக்கு மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டு அழுத்தினாள். விளக்கு நின்றது. என் கடைக்கு வந்து, வீரப்பன் வீட்டார் வருகிற வரைக்கும்தான் என்றாள். எனக்கு உடனே புரிந்தது. நல்ல வேலை செய்தாய் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

நாலு நாள் அமளி. பெட்டி கிடைக்கவில்லை என்று கம்பெனிக்காரன் விஷ்ணுவைக் கேட்டான், விஷ்ணு அப்பாவைக் கேட்டான், கமலக்கண்ணன் என்னைக் கேட்டார். என் கடையில் நெட் ஓடுகிறதே என்று நான் கையை விரித்தேன். லைன்காரன் வந்து கேபிளை மாற்றினான், ரௌட்டரை அணைத்துப் போட்டான், தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். விஷ்ணு போனில் மஞ்சுளாவிடம் செட்டிங் எல்லாம் அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்டபோது, இருக்கிறது தம்பி என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லிவிட்டு வந்து என் கடையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஆனால் அந்த நாலு நாளும் அவளைப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் கமலக்கண்ணன் ஒரு கல்யாணத்தை அவளிடமே கொடுத்தார். மாலை வரை இருந்தாள். நோட்டை எடுத்துவைத்து யார் வீட்டுக்கோ போன் போட்டு, சின்ன மாமியார் எந்தக் கலர் புடவை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் வீரப்பனின் மனைவி தையலம்மாள் வந்தாள். மணவாளனின் சொந்த அக்கா. மஞ்சுளா உள்ளறையிலிருந்து பார்த்ததும் எழுந்து வந்துவிட்டாள். நான் சில்லறை வாங்கும் சாக்கில் போய்க் கமலக்கண்ணன் பக்கத்தில் நின்றேன். தையலம்மாள் சண்டைக்கு வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு இன்னொரு பென் டிரைவ் வேண்டுமாம்.

மஞ்சுளா அவளை உட்காரவைத்து, வீடியோவை முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தோமே, ரெண்டு தடவை போட்டுப் பார்த்தோம், நன்றாக வந்திருக்கிறது என்றாள் தையலம்மாள். மஞ்சுளா விடவில்லை.

"உங்க தம்பி பட்டம் கட்டனது அதுல இல்லியேம்மா. நீங்க கூட அழுதீங்களே."

தையலம்மாள் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுத்துட்டது நீதானா? நல்லா இருப்படி தாயீ. மறுவூட்டு விருந்துல பந்தில குந்திகினு இன்னாவோ பேசி, திரும்பவும் அடிதடி. கல்யாணத்துல கட்டிப்புடிச்சிகினு அழுததுக்கே எங்க வூட்டுக்காரரு இப்ப வெக்கப்படறாரு. அது மட்டும் டிவில வந்திருந்தா அன்னிக்கே டிவிய ஒடச்சிருப்பாரு. எப்ப வருமோ எப்ப வருமோன்னு நெஞ்சப் புடிச்சிகினு குந்தியிருந்தேன். யாரும் சொல்லாமலே தெரிஞ்சி எடுத்துட்ட பாரு."

மஞ்சுளா, தான் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னாள். அவள் நோட்டில் வீரப்பன் குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. மறுவீட்டு விருந்து அதில் இல்லை. தெரிந்திருந்தால் அவளும் வெட்டியிருப்பாள். தெரியாத அவள் கையில் படம் இருந்திருந்தால், பட்டத்தை நடுநாயகமாக வைத்து, அந்த வீட்டில் இன்னொரு சண்டையைக் கிளப்பியிருப்பாள். ஒன்றுமே தெரியாத வெளியூர்க்காரன் சரியாகச் செய்திருக்கிறான். கமலக்கண்ணன் பென் டிரைவை உறையில் போட்டு, ஸ்டுடியோ பெயர் தெரியும்படி தையலம்மாளிடம் கொடுத்தார்.

மஞ்சுளா உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். இந்த முறை தப்பு வரவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அடிக்க ஆரம்பித்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"யாருக்காகண்ணே?" என்றாள்.

கையிலிருந்த அந்த ஒரு கல்யாணத்தையும் பாதியில் விட்டாள். அதுவும் பெட்டி வழியாகப் போய்விட்டது. ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே வேலையை விட்டு நின்றுகொண்டாள். போகும்போது பெட்டியின் எண்கள், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, என் கடையில் லேமினேஷன் செய்து கமலக்கண்ணனிடம் கொடுத்தாள். என் கடையில் அவளுக்கு ஒரு இடம் போட்டுக் கொடுக்க முடியுமா என்று நானே யோசித்துப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. இப்போது கடலூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சோப்பு பேக்கிங்கில் இருக்கிறாள். காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கு வேன். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. ப்ரீத்தி படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடைக்குப் போகிறாள். அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிறார்களாம்.

கார்த்திகையில் இடி விழுந்து என் ரௌட்டர் போயிற்று. லைன்காரன் வேறு ஒன்று மாட்டினான். அதன் எண் ஒன்றில் முடியாமல் இருநூற்று ஐம்பத்து நாலில் முடிந்தது. ஸ்டுடியோப் பெட்டிக்கு வெளியே போகும் வழி அடைபட்டுவிட்டது. லேமினேஷன் தாளைக் காணோம். விஷ்ணு வெளிநாட்டில் எங்கேயோ இருந்தான். கமலக்கண்ணன் என்னைக் கூப்பிட்டார், எனக்கும் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மஞ்சுளாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவளுக்கு டீ இடைவேளை, பின்னால் மெஷின் சத்தம். பாஸ்வேர்டை மனப்பாடமாகச் சொன்னாள். எங்கே அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது, எந்தக் கட்டத்தில் கடைசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

"வந்துடுச்சாண்ணே?"

வந்துவிட்டது என்றேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் மணி அடித்து, அவள் போனை வைத்துவிட்டாள்.

கமலக்கண்ணன் விளக்கு அடிப்பதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டு, என் முதுகில் தட்டினார்.

"பரவால்ல சேவியரு. அவ இல்லாமயே முடிச்சிட்டோம் பாத்தியா."

அவர் மனதார சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். என் கடையில் மூன்று பேர் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தார்கள், நான் போய்விட்டேன்.